தோளில் மூன்று தட்டு

ரயிலை விட்டு இறங்கியபோது இரவு மணி ஒன்பது. வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த நாட்டுக் கோடையில் சூரியன் பத்து மணி வரை மறையாது என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். சொல்லிக் கேட்பது வேறு, அந்த நேரத்தில் தன் நிழல் தனக்கு முன்னால் நீளமாக விழுவதைப் பார்ப்பது வேறு. அக்காவுக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. தூங்க வேண்டிய ஆள் கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பதைப் போல இருந்தது அந்த வெளிச்சம்.

நடைமேடை முழுக்கக் கறுப்புச் சட்டைகள். மண்டையோடு, எலும்பு, கொம்பு வைத்த ஆடு, ரத்தம் சொட்டும் எழுத்து. கழுத்து வரை பச்சை குத்தியவர்கள், இடுப்பு வரை முடி வளர்த்த ஆண்கள். பார்த்தால் ஊரையே கொளுத்திவிட்டுத்தான் போவார்கள் போலிருந்தது. ஆனால் படியேறும்போது ஒருவருக்கொருவர் வழி விட்டார்கள். மண்டையோட்டுச் சட்டைக்காரன் ஒருவன் யாரோ ஒரு பெண்ணின் தள்ளுவண்டியைக் குழந்தையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்தான். ஹெவி மெட்டல் இசை ரசிகர்கள் பரம சாதுக்கள் என்று தம்பி பத்து வருடமாகச் சொல்லிவந்தது பொய்யில்லை. அதைத் தவிர அவன் சொன்ன எதையும் அக்கா இப்போது நம்புவதாக இல்லை.

தம்பி முதுகுப் பையோடு பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். அக்கா பெட்டியை இழுத்தபடி சுவரோரமாக நடந்தாள். அப்போதுதான் இடது தோளில் யாரோ தட்டினார்கள். அவசரமில்லாத தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று.

திரும்பினாள்.

சுவர்தான் இருந்தது.

அக்கா ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவள். பதினெட்டு வருடமாக அதே வேலை. ஒலி புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லுவாள். கச்சேரி கச்சேரியாக அலைகிற பிள்ளைகள் எல்லாரும் அவள் கணக்கில் நாற்பது வயதில் வந்து சேரப்போகிற நோயாளிகள். இரண்டு வருடம் முன்பு தம்பியும் அவன் நண்பனும் முதன்முறையாக இந்த ஹெவி மெட்டல் இசை விழாவுக்குக் கிளம்பியபோது, இருவரையும் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். காதுக்குள் பசையைச் செலுத்தி, அது இறுகியதும் எடுத்து, அந்த அச்சிலேயே ஆளுக்கொரு ஜோடி காதடைப்பான் செய்து கொடுத்தாள். அவரவர் காதுக்கு அவரவருடையது. அடுத்தவர் காதில் அது நுழையவே நுழையாது.

அந்த நண்பனை எல்லாரும் இடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாரநாட்களில் பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கும் மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம்ஸ் வாசிப்பவன். கையில் குச்சி இல்லாவிட்டாலும் விரல் சும்மா இருக்காது. மேஜை, கதவு, சாப்பாட்டுத் தட்டு, பக்கத்தில் இருப்பவன் முதுகு, எது கிடைத்தாலும் தாளம்தான். ஆள் மலை மாதிரி. பசை இறுகும் வரை அசையக் கூடாது என்றபோது, “விரலை மட்டும் ஆட்டிக்கவாக்கா?” என்று அனுமதி கேட்டவன்.

விழாவின் மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான். இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். முப்பத்தொரு வயது.

தம்பி இடியின் உடலோடு திரும்பி வந்தான். இடி தண்ணீர் வாங்கப் போனான், நான் மேடைக்கு முன்னால் நின்றிருந்தேன், எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கே தெரியும் என்றான். துக்கம் கேட்க வந்த அத்தனை பேரிடமும் அதையே சொன்னான். கடைசி நேரத்தில் என் பிள்ளை பக்கத்தில் ஒருத்தர்கூட இல்லையா என்று இடியின் அம்மா கேட்டபோதும் அதையேதான் சொன்னான். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை.

வார்த்தை மாறாமல் சொன்னதுதான் அக்காவுக்கு முதலில் உறுத்தியது.

உறுத்தல் உறுத்தலாகவே இருந்திருக்கும். போன மாதம் சார்ஜர் தேடித் தம்பியின் அலமாரியைத் திறந்தவள், துணிக்கு அடியில் ஒரு சின்னத் தகரப் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே ஒரு ஜோடி காதடைப்பான். வலதுக்குச் சிவப்புப் புள்ளி, இடதுக்கு நீலப் புள்ளி. தம்பியுடையது இல்லை. இடியின் வலது காதுத் துளை பாதி வழியில் கொக்கி மாதிரி வளையும். அந்த வளைவுக்காக அவள் இரண்டு முறை அச்சு எடுக்க வேண்டியிருந்தது. மறக்குமா.

தண்ணீர் வாங்கப் போன இடத்தில் தனியாகச் செத்தவனின் காதில் இருந்தது இவன் அலமாரிக்கு எப்படி வந்தது?

அவள் கேட்கவில்லை. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். அந்த வாரமே தம்பி, இந்த வருட விழாவுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னான். அம்மா அழுதாள். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அக்கா மட்டும், “நானும் வர்றேன்” என்றாள். கிளம்பும் நாள் தகரப் பெட்டியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தங்குவதற்குத் தம்பி ஏற்பாடு செய்திருந்தது விழாத் திடலுக்கு அரைமணி நடையில், வயல்களுக்கு நடுவே தனியாக நின்ற பழைய செங்கல் வீடு. வீட்டுக்காரம்மா ஒல்லியாக, நெட்டையாக, சாவிக் கொத்தைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருந்தாள். கதவைத் திறந்தவள் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தாள். தம்பியைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. இந்தத் தடவையாவது சுவரைத் தட்டாமல் இருங்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள்.

படியேறும்போது அக்கா கேட்டாள். “போன தடவை தங்கினதும் இங்கதானா?”

“வேற எங்கயும் இடம் கிடைக்கலக்கா.”

அவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

மாடி அறையில் இரண்டு கட்டில், ஓர் அலமாரி. வெளிச்சம் வராமல் இருக்கக் கம்பளம் கனத்துக்குத் திரை. அதை இழுத்துவிட்டதும் அறை கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி இருண்டது. மூடிக் கிடந்த அறையின் வாடை, மெழுகு வாடை, பழைய கம்பளி வாடை. அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. அக்கா மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

கிரீஸ். பணிமனையில் அடிக்கிற வாடை.

தம்பியின் பையில் ஏதாவது கசிகிறதா என்று அவன் குளிக்கப் போன நேரத்தில் திறந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. அவன் திரும்பி வந்து, சன்னலோரக் கட்டிலைத் தொடாமல் தரையில் போர்வையை விரித்துக்கொண்டான். முதுகு வலி, தரைதான் நல்லது என்றான். தம்பிக்கு முதுகு வலி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

காலையில் சன்னலோரக் கட்டில் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. பெருத்த உடம்பு ஒன்று படுத்து எழுந்த மாதிரி.

தம்பிதான் ராத்திரி தரையிலிருந்து எழுந்து போய்ப் படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும். ஆனால் அவனை எழுப்பியபோது அவன் கையும் காலும் போர்வைக்குள் பொட்டலமாகச் சுருண்டிருந்தன.

விழாவின் முதல் இரண்டு நாளும் அக்கா இசையைக் கேட்கவில்லை. தம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பதாயிரம் பேர் கூடிய திடலில், சேறும் வைக்கோலும் மிதிபட்ட தரையில், மார்பெலும்பு அதிரும் சத்தத்துக்கு நடுவே, அவன் ஒரு பாட்டுக்கும் தலையை ஆட்டவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தான். யாரையாவது தேடுகிறாயா என்று சைகையில் கேட்டால் இல்லை என்றான். யாரையோ பார்த்துப் பயப்படுகிறானோ என்றும் தோன்றியது. அன்று நடந்ததைப் பார்த்த சாட்சி யாராவது இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களோ? சண்டை எதுவும் நடந்ததா? கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படியெல்லாம் யோசிக்கிறோமே என்று அவளுக்கே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் யோசனை நிற்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை வீடு திரும்பியபோது வீட்டுக்காரம்மா வாசலில் நின்றிருந்தாள். மத்தியானம் முழுக்க உங்கள் அறையில் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள், கீழே என்னால் ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை என்றாள். போன தடவை வந்த பெரிய ஆள் தட்டினாரே, அதே மாதிரி என்று சொல்லி, கதவு நிலையில் விரலால் தட்டிக் காட்டினாள்.

நாங்கள் காலையிலேயே கிளம்பிவிட்டோமே, அறைச் சாவி எங்களிடம்தான் இருக்கிறது என்றாள் அக்கா.

வீட்டுக்காரம்மா அவளைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டாள்.

அறைக்கு வந்ததும் அக்கா திரையை முழுவதுமாகத் திறந்துவிட்டாள். தகரப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“இது உங்கிட்ட எப்படி வந்துச்சு?”

தம்பி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவனே குடுத்தான்” என்றான்.

“தண்ணி வாங்கப் போனவனா?”

“அவன் எங்கயும் போகலக்கா. என் பின்னாடிதான் நின்னான்.”

அதன் பிறகு அவன் தடுக்கித் தடுக்கிச் சொன்னது இதுதான். பதினோரு வருடமாக நேரில் கேட்க வேண்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்த பாட்டு அப்போதுதான் தொடங்கியது. தோளில் இடி மூன்று முறை தட்டினான். தம்பி திரும்பினான். இடியின் முகம் வெளுத்துக் கிடந்தது. வெயில்தான் என்று நினைத்தான். இடி தன் காதடைப்பான்களைக் கழற்றி இவன் உள்ளங்கையில் வைத்து, வாயைத் திறந்து என்னவோ சொன்னான். அந்தச் சத்தத்தில், காதையும் அடைத்திருந்ததில், ஒன்றும் கேட்கவில்லை. என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பாட்டு முடிந்து திரும்பியபோது இடி தரையில் கிடந்தான். ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

“ஆறு நிமிஷப் பாட்டுக்கா. கூடவே பாடிட்டிருந்தேன்.”

இரண்டு வருடமாக இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

“என்ன சொல்லியிருப்பான்?” என்று மட்டும் அக்கா கேட்டாள்.

“தெரியல. அதுக்காகத்தான் வந்தேன். அன்னைலேர்ந்து தோள்ல தட்டிட்டே இருக்கான். மூணு தட்டு. திரும்பிப் பாத்தா ஆள் இருக்காது.”

ரயில் நிலையத்தில் தன் தோளில் விழுந்த தட்டைப் பற்றி அக்கா அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போதும் சொல்லவில்லை. குற்ற உணர்ச்சி ஆளை என்ன பாடு படுத்தும் என்று அவளுக்குத் தெரியும். ஒலி புகாத அறையில் உட்கார்ந்த நோயாளிகள், எந்தச் சத்தமும் அனுப்பாதபோதே கேட்டது என்று பொத்தானை அழுத்துவதைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறாள். இவனும் அப்படித்தான். தானும் அப்படித்தான். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே சன்னலோரக் கட்டிலைப் பார்க்காமல் படுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள். இரண்டு வருடம் முன்பு வாசித்த அதே குழு, அதே மேடை, அதே மாலை ஏழு மணி. இடது பக்க ஒலிபெருக்கிக் கோபுரத்திலிருந்து முப்பதடி தள்ளி, தம்பி ஓர் இடத்தில் வந்து நின்றான். இங்கேதான் என்று அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை. சாய்வெயில் முகத்தில் அடித்தது. வியர்வை, பீர், மிதிபட்ட வைக்கோல், புகை என்று வாடை நெஞ்சை அடைத்தது.

அந்தப் பாட்டு தொடங்கியபோது கூட்டம் ஒரே உடம்பாக முன்னால் சாய்ந்தது. யாருடைய முழங்கையோ பட்டு அக்காவின் வலது காதடைப்பான் கழன்று சேற்றில் விழுந்தது. சத்தம் ஊசி மாதிரி மண்டைக்குள் இறங்கியது. பஞ்சு ஏதாவது இருக்குமா என்று கைப்பையைத் துழாவினாள். தகரப் பெட்டி கையில் வந்தது.

நுழையாது என்று அவளுக்குத் தெரியும். செய்தவளே அவள்தானே. வலி பொறுக்காமல்தான் எடுத்து வலது காதில் வைத்து அழுத்தினாள்.

நுழைந்தது.

கொக்கி வளைவோடு, ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல், அவள் காதுக்கே அச்சு எடுத்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. இடது காதிலும் தன்னுடையதை எடுத்துவிட்டு அவனுடையதைப் போட்டாள். அதுவும் நுழைந்தது.

சத்தம் நின்றது.

குறையவில்லை. நின்றது. எந்தக் காதடைப்பானாலும் ஆகாத காரியம் அது. எண்பதாயிரம் வாய்கள் திறந்து மூடின. மேடையில் கைகள் பறந்தன. ஒரு துளி ஓசை இல்லை.

அந்த அமைதிக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

கனத்த மூச்சு. மாடிப்படி ஏறி வந்த பெரிய உடம்பின் மூச்சு. மிகவும் பக்கத்தில். கிரீஸ் வாடை வந்தது.

தோளில் விழுந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

“வீட்டுக்குப் போலாம்டா.”

அவ்வளவுதான். கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. பணிமனையில் வேலை முடிந்து கிளம்புகிறவன் சொல்கிற மாதிரி, களைத்துப்போய்.

அக்கா திரும்பினாள். அவளுக்குப் பின்னால், கையை மடக்கவும் இடமில்லாத அந்த நெரிசலில், ஓர் இடம் காலியாக இருந்தது. ஓர் ஆள் கிடக்கும் அளவுக்கு. அதில் ஒருத்தர் கால்கூடப் படவில்லை. குடித்துவிட்டுத் தள்ளாடி வந்த ஒருவன், கீழே குனிந்துகூடப் பார்க்காமல், அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனான்.

தம்பியின் சட்டையைப் பிடித்துத் திருப்பினாள். அவன் காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டு, வாயைக் காதோடு வைத்துக் கத்தினாள்.

“வீட்டுக்குப் போலாம்னு சொன்னான். அதான் சொன்னான்.”

தம்பி அந்தக் காலி இடத்தைப் பார்த்தான். பாட்டு பாதியில் இருந்தது. அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். கையைக் கீழே நீட்டினான், விழுந்தவனைத் தூக்கிவிடப் போகிறவன் மாதிரி. அவன் வாய் அசைந்தது. வாடா என்றுதான் இருக்க வேண்டும். பிறகு எழுந்தான். எழும்போது பாரம் தூக்கியவனைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தான்.

மேடைக்கு முதுகைக் காட்டி நடந்தார்கள். கூட்டம் விலகி வழி விட்டது. இரண்டு பேர் போவதற்குத் தேவையானதைவிட அகலமாகவே விட்டது.

வாயிலைத் தாண்டிய பிறகு அக்கா காதடைப்பான்களைக் கழற்றினாள். சந்தேகம் தாளாமல் வலதை மறுபடி காதில் வைத்துப் பார்த்தாள். நுனிகூட உள்ளே போகவில்லை.

அன்று அறையில் கிரீஸ் வாடை இல்லை. கட்டிலில் பள்ளம் விழவில்லை. விமானத்திலும் சரி, ஊர் வந்து சேர்ந்த பிறகும் சரி, தோளில் யாரும் தட்டவில்லை. தம்பி இரண்டு வருடத்துக்குப் பிறகு பத்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினான். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அக்கா நினைத்தாள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. இடியின் அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனார்கள். குறுகலான தெரு, இரட்டைக் கதவு வைத்த சின்ன வீடு. அம்மா ஒரு கதவை மட்டும் திறந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே வரச் சொல்வதற்கு முன்பே, எங்கே தைரியம் போய்விடுமோ என்று தம்பி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். பொய் சொன்னதை, தட்டியும் கவனிக்காததை, கூடவே பாடிக்கொண்டிருந்ததை. சொல்லி முடித்து, அடி வாங்கக் காத்திருப்பவனைப் போலத் தலையைக் குனிந்து நின்றான்.

அம்மா அழவில்லை. “என்னதான் சொன்னான்?” என்று கேட்டாள்.

“வீட்டுக்குப் போலாம்னு சொன்னாம்மா.”

அம்மா அவர்கள் இருவரையும் தாண்டித் தெருவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, கை உயர்த்தி இன்னொரு கதவின் மேல்தாழ்ப்பாளை இழுத்தாள். அது துருப்பிடித்துப் போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் திறந்து, இரண்டு கதவையும் அகல விரித்தாள். அக்காவும் தம்பியும் உள்ளே போனார்கள். அம்மா கதவைச் சாத்தவில்லை. சுவரோடு முதுகை ஒட்டி ஒதுங்கி நின்றாள், அவர்களைவிடப் பெருத்த உடம்பு ஒன்றுக்கு வழி விடுவதைப் போல.

வாசல்படிக்கு மேலே, தன் தலையைவிட உயரத்தில் ஓர் இடத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“எவ்வளவு இளைச்சுப் போயிட்டடா.”

பிறகு கதவுகளைச் சாத்தி, இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். ஒரு கையை உயரே தூக்கி, ஏதோ ஒன்றின்மேல் வைத்தபடி, சமையலறைப் பக்கம் மெல்ல நடந்து போனாள். அந்தக் கை, அவள் ஒவ்வோர் அடி வைக்கும்போதும், மூச்சு வாங்கும் முதுகின்மேல் வைத்த கையைப் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.